காலடிச் சட்டத்தில் ஒரு பள்ளம்

செரேயா,
இத்தாலி, 1987 அக்டோபர் 3, சனிக்கிழமை

ஜெலிந்தோவுக்கு நிவேஸ் எழுதுவது.

உன் அக்காவுக்குத் தொலைபேசி செய்து விலாசம் வாங்கினேன். வின்டர்தூரில் சுவிட்சர்லாந்துக் குளிர் வந்துவிட்டது, நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், பேசுவதுதான் இல்லை என்றாள். முதல் இரண்டும் கேட்க நிம்மதி. மூன்றாவது எனக்குப் புதிய செய்தி இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னைத் திரும்பக் கூப்பிட இதை எழுதவில்லை. உன் சாமான்கள் என் பட்டறையில் கிடக்கின்றன. பிறர் பொருளை வைத்துக்கொண்டு வாய் மூடி இருப்பது எனக்குப் பழக்கமில்லை. அரங்களுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிவிட்டேன். அரக்கு பாலிஷ் போடும் துணிப்பந்துகளை மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். மரத்துக்குச் சாயமேற்ற வால்நட் தோல் ஊறும் பீப்பாயை வாரம் ஒரு முறை கிளறச் சொல்லியிருக்கிறேன். நாற்றம் முன்னைப் போலவே பிரமாதம். உன் மரச்செருப்புப் பெட்டி மட்டும் பூட்டியே இருக்கிறது. சாவி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் உன் சொல் இல்லாமல் திறக்க மாட்டேன்.

புது மரத்தைப் பழசாகக் காட்டும் உன் வேலையை இப்போது சில்வானோ பார்க்கிறான். காலணித் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் இருந்தவன், வேலை சுத்தம். காலையில் வருகிறான், அளவு நாடாவை எடுக்கிறான், மேசைக்கடியில் கால் வைக்கும் காலடிச் சட்டத்தை முனைக்கு முனை அளக்கிறான், அரத்தை எடுத்து ஒரே சீராகத் தேய்க்கிறான். இரண்டு நாளில் ஒரு மேசை பழசாகிவிடுகிறது. நீ பதினோரு நாள் எடுப்பாய். மேசையைச் சுற்றி பெஞ்சுகளைப் போட்டு, ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து பார்ப்பாய். இங்கே தூங்கி விழும் கிழவர், இங்கே உதைத்துக்கொள்ளும் இரண்டு பையன்கள் என்று முணுமுணுப்பாய். பிறகு அந்தப் பெட்டியிலிருந்து ஆளுக்கு ஏற்ற ஒற்றைச் செருப்பாகத் தேடி எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு தேய்ப்பாய். இல்லாத குடும்பத்துக்கு வாரக் கணக்கில் செருப்பு மாட்டிவிடும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தவள் இந்தச் சமவெளியில் நான் ஒருத்திதான்.

செப்டம்பரில் நடந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து வரும் ஆக்ஸ்பர்க் கடைக்கார அம்மாள் திருமதி வீலாண்ட் நவம்பர் பதினொன்றுக்குள், புனித மார்ட்டின் திருநாளுக்குள், எட்டு மேசை கேட்டார். நான் சரி என்றேன். நீ என்ன சொன்னாய்? "எட்டு மேசைன்னா எட்டு வீடு, முதலாளியம்மா. ரெண்டு மாசத்துல எட்டு வீட்டுலயும் என்னால குடும்பம் நடத்த முடியாது." அதற்கு நான், எல்லார் முன்னாலும், "ஒரு வீடே கட்டிக்காதவன் எட்டு வீட்டப் பத்திப் பேசறியா? உனக்குன்னு வீட்டுல ஒருத்தி காத்துக்கிட்டிருந்தா இதெல்லாம் நாலு நாள்ல முடிஞ்சிருக்கும்" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். நீ வேலை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். அந்த ஆணியில் அது இன்னும் தொங்குகிறது. நான் சொன்னது பொய் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆட்கள் முன்னால் சொன்னது தப்பு. அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. பனிமூட்டம் தொடங்கிவிட்டது. வானொலி சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே என் இடது பாதம் சொல்லிவிட்டது. அந்தப் பண்ணை வீட்டு மாடிப்படியில் அலமாரி உருண்டு என் காலில் விழுந்ததே, இருபது வருஷம் தாண்டியும் அந்தக் கால் மறக்கவில்லை. நிற்கும்போதும் உட்காரும்போதும் வலது காலுக்குத்தான் எல்லா வேலையும். சமையல்காரி பியெரினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் உன் தட்டையும் சேர்த்து எடுத்து வருகிறாள். பிறகு அதைத் திருப்பி எடுத்துப் போகிறாள். சொன்னால் கேட்கிற பிறவியா அவள்.

நீ அங்கே ஒரு மேசை நாற்காலித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரப் போவதாகவும், புனித மார்ட்டின் நாளன்று மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் உன் அக்கா சொன்னாள். நம் ஊர் வழக்கப்படி வீடு மாறுகிற நாளையே பார்த்துப் பிடித்திருக்கிறாய். நல்ல சம்பளமாம். நல்லது. பெட்டியை எங்கே அனுப்ப வேண்டும் என்று மட்டும் எழுது.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வெளியே போ. அந்த ஊர்க் காற்று நம் பனி மாதிரி பொறுமையானது இல்லை என்கிறார்கள்.

நிவேஸ்

----

செரேயா,
அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை

ஜெலிந்தோவுக்கு,

உன் தபால் அட்டை வந்தது. பசுவின் படம் அழகாக இருக்கிறது. பின்பக்கம் இரண்டு வரி: "சாவி பசைச் சட்டிக்குப் பின்னால. அளவு நாடா வச்சிருக்கறவன் கையில செருப்பைக் குடுக்காதீங்க." உன் கையெழுத்தில் இவ்வளவு நீளமாக நான் இதுவரை படித்ததில்லை. சாவியை எடுத்துக்கொண்டேன். செருப்பைக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை திருமதி வீலாண்ட் வந்தார். நான்கு மேசை தயாராக இருந்தது. மெழுகு போட்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி நிறுத்தி வைத்திருந்தேன். அவருக்குப் பிடித்த சலாமி இறைச்சியும் புது ஒயினும் பக்கத்தில். என் வழக்கம் உனக்குத் தெரியும். கேட்பவருக்கு மேல்பலகை பழசு, கால்கள் பழைய கொட்டகை உத்தர மரத்தில் நாங்கள் செய்தது என்று சொல்லிவிடுவேன். கேட்காதவருக்கு மெழுகின் வாசனையை மட்டும் கொடுப்பேன். இந்த அம்மாள் எல்லாம் கேட்பவர், எல்லாம் தெரிந்தவர்.

மேல்பலகையை அவர் பார்க்கவே இல்லை. நேராக உட்கார்ந்தார். கால்களைச் சட்டத்தின் மேல் வைத்தார். எழுந்து அடுத்த பக்கம் உட்கார்ந்தார். நான்கு மேசையிலும் இப்படியே. பிறகு, புத்தகத்தில் படித்துக் கற்ற தன் மொழியில், "அம்மையே, இவ்வில்லத்தினர் உணவருந்தினார்களா, அல்லது அணிவகுத்து நடந்தார்களா?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. சில்வானோ அளவு நாடாவைக் காட்டி, "ஒவ்வொரு பக்கமும் சரியா மூணு மில்லிமீட்டர் தேய்ச்சிருக்கேன், அம்மா, வேணும்னா அளந்து பாருங்க" என்று பெருமையோடு சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை சுத்தம். சுத்தமாக இருப்பதுதான் கோளாறு.

நான்கையும் வேண்டாம் என்றுவிட்டார். இத்தனை வருஷமாக அவர் வாங்கிய மேசைகளைச் செய்த கை எங்கே என்று கேட்டார். சுவிட்சர்லாந்தில் ஓய்வெடுக்கிறது என்றேன். அதே கை செய்வதானால் தவக்காலம் வரை பொறுக்கிறேன், இல்லாவிட்டால் பக்கத்து ஊரில் வேறொருவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இது மிரட்டல் இல்லை, ஜெலிந்தோ. நானும் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் போகும்போது ஒன்று சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உன்மேல் கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ செய்த மேசைகளில் எல்லாம் ஒரு பெண் இருக்கிறாளாம். ரொட்டிக் கத்தி வைக்கிற இழுப்பறை இருக்கும் முனை, அடுப்புப் பக்கம், அங்கே உட்காருகிறாளாம். அந்த இடத்துச் சட்டத்தில் வலது குதிகால் படும் இடம் மட்டும் ஆழமாகக் குழிந்திருக்கிறதாம், இடது பக்கம் சும்மா பட்டும் படாமலும். அவர் கடைக்கு வருகிறவர்கள் மேசைக்கடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இந்த அம்மா யாரு?" என்று கேட்கிறார்களாம். "உம் ஊரில் இல்லத்தரசிகள் யாவரும் ஒற்றைக் காலாலேயே இளைப்பாறுகிறார்களோ?" என்று என்னைக் கேட்டார். இன்னொன்றும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நேர் எதிர் முனையில் தேய்மானமே கிடையாதாம், புதுச் சட்டம் போலவே இருக்குமாம். "இவ்வீட்டுத் தலைவர் உணவுக்கு வருவதே இல்லை போலும்" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

இதை நான் நம்பவில்லை. பத்தொன்பது வருஷமாக, மேசைக்கு மேசை புதுக் குடும்பம் என்று நீ என்னிடம் நாட்களை வாங்கிக்கொண்டாய். கிழவர் மாறுகிறார், பையன்கள் மாறுகிறார்கள், அந்தப் பெண் மட்டும் மாறவில்லையா? விஷயம் தெரிந்தவன் ஒருவன் இரண்டு மேசையை அருகருகே போட்டுத் தடவினால் இரண்டும் ஒரே பட்டறை என்று சொல்லிவிடுவானே. சில்வானோ செய்திருந்தால், நானே செய்திருந்தால், புரிந்துகொள்வேன். உன்னிடம் இப்படி ஒரு கவனக்குறைவை நான் எதிர்பார்க்கவில்லை. மறுமுனையை முடிக்காமல் விடுவதும் சோம்பேறித்தனம்தான்.

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். தபால் அட்டை போதாது.

பியெரினா காளானும் சோளக்களியும் செய்தாள். உன் தட்டில் போட்டுவிட்டு, "ஆறிப்போகும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

உன் கைகளுக்குத் தினமும் எண்ணெய் தடவு. அவை யாருக்கு வேலை செய்தாலும் சரி, வெடிக்கக் கூடாது.

நிவேஸ்

----

செரேயா,
நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. விரைவுத் தபால்.

ஜெலிந்தோ,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். பதில் எனக்குக் கிடைத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை பட்டறையில் அடுப்பு புகைந்தது. ஆட்கள் புகைக்குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. மூலையில் போர்வை போர்த்தி நீ விட்டுப்போன மேசை இருந்தது. அந்த வால்நட் மேல்பலகை, நீ கடைசியாகத் தொட்டது. போர்வையைத் தள்ளிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பியெரினா சூப்பை இழுப்பறைப் பக்கம் வைத்துவிட்டாள், அதனால் அங்கே உட்கார்ந்தேன். அவ்வளவுதான். நானாகத் தேடிப் போகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்பிடும்போது வலது காலணியைக் கழற்றிவிடுவது என் கெட்ட பழக்கம். காலையெல்லாம் ஒற்றைக் காலில் நின்றால் அந்தக் கால் வேறென்ன கேட்கும். கழற்றினேன். குதிகாலைச் சட்டத்தின் மேல் வைத்தேன்.

அது உள்ளே போய் உட்கார்ந்தது, ஜெலிந்தோ. சட்டத்தின் மேல் இல்லை, சட்டத்துக்குள்ளே. முட்டை கிண்ணத்தில் உட்காருகிற மாதிரி. கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்து, நான் சாய்கிற அதே சாய்வில். இடது பாதம் எங்கே சும்மா படுமோ அங்கே சும்மா பட்ட ஒரு தேய்வு. சூப் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பியெரினா என் முகத்தைப் பார்த்து, "என்ன, உப்பு கூடிப்போச்சா?" என்றாள். இல்லை என்றேன். "உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வியாபாரி. ஒரு சரக்கைப் பார்த்து முடிவு கட்ட மாட்டேன். சனிக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்குப் போனேன், 1974இல் நீ செய்து கொடுத்த மேசை அங்கே இருக்கிறது. திருப்பலிக்குப் பணம் கொடுக்க வந்ததாகச் சொல்லி, இழுப்பறைப் பக்கம் உட்கார்ந்து, மேசைக்கடியில் காலணியைக் கழற்றினேன். உட்கார்ந்தது. மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் தலைவலி என்று போனேன், அவர்களுடைய சமையலறை மேசை 1981. அதுவும் உட்கார்ந்தது. அந்த அம்மாள் எனக்கு மாத்திரை கொடுத்தாள், என் கால் அவள் மேசைக்கடியில் வெறும் காலுறையோடு இருப்பது தெரியாமல். ஊரில் இரண்டு, ஆக்ஸ்பர்க்கிலும் மியூனிக்கிலும் எத்தனையோ. முகம் தெரியாத ஜெர்மன்காரர்கள் என் குதிகாலைத் தடவிப் பார்த்து யார் இந்த அம்மா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடந்த கடிதத்தில் இதைக் கவனக்குறைவு என்று எழுதியவள் நான். மரத்தின் பின்பக்கம் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டேன் என்று இருபத்தைந்து வருஷமாகப் பெருமை பேசுகிறவளும் நான்தான். புது பளபளப்பு மேசையைக் கொடுத்துவிட்டுப் பண்ணை வீடுகளிலிருந்து பழைய வால்நட் மேசையை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வந்த காலத்திலிருந்து, எனக்குத் தெரியாமல் ஒரு கீறல் என் கையைத் தாண்டிப் போனதில்லை என்று நினைத்திருந்தேன்.

இந்த மேசையிலும் மறுமுனையைப் பார்த்தேன். மண்டியிட்டு, விளக்கைப் பிடித்து. திருமதி வீலாண்ட் சொன்னது சரி, தேய்மானம் இல்லை. ஆனால் அது முடிக்காமல் விட்ட இடமும் இல்லை. மற்ற இடங்களைவிட அங்கேதான் அதிகம் இழைத்திருக்கிறாய், உப்புத்தாளால் விளிம்பை மெருகேற்றி, ஒருவர் வந்து உட்கார்ந்தால் காலில் சிலாம்பு ஏறாதபடி. ஒரு முறை, எந்த வருஷம் என்று நினைவில்லை, "இங்க ஒரு ஆளை மறந்துட்டியே" என்று உன்னை அதட்டியிருக்கிறேன். "மறக்கல, முதலாளியம்மா. அந்த ஆள் இன்னும் வரல" என்றாய். நான் சிரித்துவிட்டு லாரிக்காரனைக் கூப்பிடப் போய்விட்டேன்.

உனக்கென்று ஒருத்தி வீட்டில் காத்திருக்கவில்லை என்று ஆட்கள் முன்னால் சொன்னேனே. அதைப் பொய் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். சரக்கைச் சரிபார்க்காமல் சொன்ன சொல் அது. யார் எங்கே காத்திருந்தார்கள் என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இன்று காலை பட்டறையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து, அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். சில்வானோ, "எது முதலாளியம்மா, நாலு நாள் கணக்கா?" என்று கேட்டான். "ஆமாம், அதுவும்தான்" என்றேன்.

நேற்று கல்லறைத் திருநாள். என் புருஷன் புரூனோவின் கல்லறைக்குச் சாமந்தி கொண்டு போனேன். அவன் போய்ப் பதினெட்டு வருஷம். அவனிடமும் விஷயத்தைச் சொன்னேன். எப்போதும் போல எதிர்ப்புச் சொல்லவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். திருமதி வீலாண்டுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். எட்டு மேசை இல்லை, நான்கு. தவக்காலத்துக்கும் இல்லை, எப்போது முடிகிறதோ அப்போது. சில்வானோவை மேல்பலகைக்கு மாற்றிவிட்டேன். அங்கே சீராகத்தான் இருக்க வேண்டும், அவனும் சந்தோஷமாக அளந்துகொண்டிருக்கிறான். உன் மரச்செருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், மன்னித்துக்கொள். முப்பத்து நான்கு செருப்பு, ஒன்றுக்கும் ஜோடி இல்லை. மேலே ஒரு பெண்ணின் செருப்பு, தனியாகத் துணியில் சுற்றி. என்னுடையதுதான். காணவில்லை என்று நான் 1970இல் பியெரினாவைத் திட்டியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்ல, அப்பவே தெரியும்" என்றாள்.

அந்த வால்நட் மேசை விற்பனைக்கு இல்லை. பட்டறையிலிருந்து எடுத்து என் வீட்டுச் சமையலறையில் போட்டாயிற்று. இழுப்பறை அடுப்புப் பக்கம் வருகிற மாதிரி. கதவு வழியாக நுழையவில்லை, கால்களைக் கழற்றி உள்ளே கொண்டு போய் மாட்டினோம். இனி வெளியே எடுப்பது கஷ்டம்.

மறுமுனையை என்ன செய்வது என்று சில்வானோ கேட்டான். அரம் எடுத்து அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாமாம். தொடாதே என்றேன். அந்த இடத்தை அரத்தாலும் தேய்க்க விட மாட்டேன், செருப்பைக் கையில் மாட்டித் தேய்ப்பதற்கும் விட மாட்டேன், உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது உட்கார்ந்து தேய வேண்டிய இடம்.

புனித மார்ட்டின் திருநாளுக்கு எட்டு நாள் இருக்கிறது. நம் ஊரில் வீடு மாறுகிற நாள் அதுதான், அதை நீயே தேர்ந்தெடுத்திருக்கிறாய். கையெழுத்துப் போடுவதற்கு முன் ரயில் ஏறு. வெரோனாவுக்கு எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது, தபால் அட்டை போதும். நான் மூன்று சக்கர வண்டியோடு வந்து நிற்பேன், வாத்தும் கஷ்கொட்டையும் பியெரினா பார்த்துக்கொள்வாள். அவளிடம் தட்டு எத்தனை என்று நான் சொல்லப் போவதில்லை.

வந்து சேர்வதில் மட்டும்தான் அவசரம். வந்து உட்கார்ந்த பிறகு, அந்த முனையில் என் பக்கத்தைப் போல ஒரு பள்ளம் விழ இருபது வருஷமாவது ஆகும். ஆகட்டும், ஜெலிந்தோ. இந்த ஒரு மேசைக்கு நான் நாள் குறிக்க மாட்டேன்.

சமையலறை அடுப்பை அணையாமல் வைத்திருக்கும்,
நிவேஸ்